மூன்று தரம் பார்த்த பிறகு

யுத்தம் முடிந்த கையோடு தாதியர் பட்டப்படிப்புக்குப் பதிந்தேன். பாதி வகுப்பு மட்டக்களப்பு நகரில், மீதி இணையத்தில். எங்கள் ஆஸ்பத்திரி விடுதியில் கணினியாவது மண்ணாவது! வேலை முடிந்ததும் சீருடையோடு ஓட்டமாவடி நெட்கபேக்கு ஓடுவேன். ஒரு விரிவுரை திறப்பதற்குள் பிளேன்ரீ ஒன்று குடித்து முடித்துவிடலாம். திறந்ததும் கரண்ட் போகும்.

அதையெல்லாம் சமாளித்தேன். என்னைக் கவிழ்த்தது மருந்தளவுக் கணக்குப் பரீட்சை. மருந்தை எடுக்கும்போது, ஊசியில் ஏற்றும்போது, குப்பியைத் திருப்பி வைக்கும்போது என்று மூன்று தரம் பார்ப்பது எங்கள் தொழில் வழக்கம். கேள்விகளையும் அப்படியே பார்த்தேன். திரையின் மூலையில் நேரம் குறைந்துகொண்டே போய், பாதியில் பரீட்சை தானாக மூடிக்கொண்டது. எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கணினியைத் தூக்கி வாவிக்குள் எறிந்திருப்பேன். இன்னும் ஒரு தடவைதான் விடுவார்கள். அதிலும் தவறினால் வார்டுப் பயிற்சி இல்லை, அந்த வருடமே வீண்.

"வந்த விடையச் சும்மா அமத்திட்டுப் போங்க மிஸ்ஸி, மறுகா பாப்பம்" என்றார் கடைக்காரத் தம்பி.

சும்மா அமத்துவதா? சுனாமி வந்த அன்று, காயப்பட்டவர்களைத் தரையில் கிடத்தியிருந்த வார்டில், சப்பாத்துக்குள் தண்ணீர் சளசளக்க நின்றபோதும் மூன்று தரம் பார்த்துத்தான் ஊசி போட்டவள் நான். அன்று கை பறந்தது, கண் தவறவில்லை. இந்த மூலைக் கடிகாரம் என்ன பெரிய கொம்பா? சாப்பாட்டு நேரங்களில் அலாரம் வைத்துக் கணக்குப் போட்டுப் பழகினேன்.

இரண்டாம் தடவை கணக்குகள் கடகடவென்று ஓடின. நடுவில் லைன் கொஞ்சம் சிக்கியது. கடைசிக் கேள்விக்கு வந்தபோது நேரம் முடியப்போகிறது. அவசரமாக விடை கண்டேன். திரும்பப் பார்க்க நேரமில்லை.

"அமத்துங்க மிஸ்ஸி, நேரம் போகுது!" தம்பி என் பின்னால் நின்று துடித்தார்.

"பாக்காம அமத்த மாட்டன் தம்பி."

கடைசி விடையை அமத்தாமலே இருக்க, திரை மூடியது. முடிவுக்காகக் காத்திருந்தேன். சித்தி! தேறிவிட்டேன். சிரித்துக்கொண்டே தம்பிக்கும் ஒரு பிளேன்ரீ சொன்னேன்.

பஸ்ஸில் அந்தக் கடைசிக் கணக்கை ஆறுதலாகப் போட்டுப் பார்த்தேன். அவசரத்தில் தசமப் புள்ளியை ஓரிடம் தள்ளி வைத்திருக்கிறேன். நான் அமத்தப்போன விடை பத்து மடங்கு கூடியது. கேள்வியில் இருந்த நோயாளி ஒரு கைக்குழந்தை.