ஐந்தரைக் கட்டைப் பெட்டி

நெய்வேலியில் எங்கள் பிளாக்கில் வீடு கிடைத்த வருஷமே மார்கழி பஜனை ஆரம்பித்துவிட்டோம். பெரிய ஏற்பாடு ஒன்றும் கிடையாது. வேப்பமரத்தடிப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு, அவர் படத்தைத் தூக்கிக்கொண்டு விடியற்காலையில் தெருத்தெருவாகப் பாடிக்கொண்டு வருவோம். முதல் அடி எடுத்துப் பாடுகிறவன் நான். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் என்றாலும் தகப்பனார் புண்ணியத்தில் தேவாரமும் திருப்புகழும் கொஞ்சம் வரும். சுரங்கத்தில் தூசியைத் தின்றுகொண்டிருந்த எனக்கு அந்த ஒரு மாதம்தான் வருஷம் முழுவதற்கும் மூச்சு.

என்னோடு எப்போதும் இரண்டு பேர். ஒருவன் ஜால்ரா போடுகிறவன். அடுத்த குவார்ட்டர்ஸ், என் வயசு, ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். இன்னொருவன் மிருதங்கம் வாசிக்கிறவன், எங்களுக்கு இளையவன், மேல்பட்டாம்பாக்கத்துப் பக்கத்துப் பையன். எங்களிடம் சுருதிப் பெட்டி கிடையாது. நான் எடுக்கிற குரல்தான் சுருதி.

ஒரு கார்த்திகை மாசக் கடைசியில் ஜால்ராக்காரன் சுவர் மேலே தலையை நீட்டினான்.

"மெட்ராசு போயி சுருதிப் பெட்டி எடுத்தாரலாம்யா. உன் காதுதான் வேணும். நாங்க போனா கடைக்காரன் தகர டப்பாவைக் கட்டிக் குடுத்துடுவான்."

எனக்கு வாயெல்லாம் பல். ஆறு வருஷமாகத் தனியாகத் தொண்டை கிழியப் பாடுகிறேனே என்று இவர்களாகவே நினைத்துச் செய்கிறார்கள் என்று வீட்டுக்காரியிடம் சொல்லிச் சொல்லிப் பூரித்தேன். அவள் புது வேட்டியை மடித்துப் பையில் வைத்தாள்.

மூன்று பேரும் விருத்தாசலம் போய் ரயிலேறி, விடிகிற நேரத்தில் எழும்பூரில் இறங்கினோம். அங்கிருந்து மயிலாப்பூர். ஊரா அது! குளத்தைச் சுற்றி வந்தால் ஒரு வீட்டில் வீணை, அடுத்த வீட்டு மாடியில் பிள்ளைகள் சரளி வரிசை, காபிக் கடை ரேடியோவில் புல்லாங்குழல். ஓரிடத்தில் கச்சேரிக்குக் கீற்றுப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். மேலே உட்கார்ந்து கயிறு கட்டுகிற ஆள்கூட ஏதோ ராகத்தை முனகிக்கொண்டிருந்தார்.

"இந்த ஊர்ல கொசு கூட சுருதியாத்தான் பாடும் போலகீது," என்றான் ஜால்ராக்காரன். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது.

கபாலீசுவரர் சன்னதியில் காலைப் பூசைக்கு நாகஸ்வரம் வாசித்தார்கள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இந்த வருஷமும் தொண்டை கட்டாமல் முப்பது நாளும் பாட வேண்டும், வேறொன்றும் கேட்கவில்லை அப்பனே என்று வேண்டிக்கொண்டேன். மற்ற இருவரும் என் பக்கத்தில்தான் கைகூப்பி நின்றார்கள்.

மாட வீதியில் வாத்தியக் கடை. கடைக்காரர் வயசானவர், நெற்றி நிறைய விபூதி.

"எத்தனை கட்டைக்கு வேணும்? பாடறது யாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஜால்ராக்காரன், "அஞ்சரைங்க," என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "யோவ், அது பொம்பளைங்க கட்டைய்யா. நமக்கு ஒண்ணரை. ஒண்ணரைன்னு சொல்லு."

அவன் சிரிக்கவில்லை. மிருதங்கக்காரன் தெருவில் போகிற ரிக்‌ஷாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அஞ்சரைதாங்க," என்றான் இவன் மறுபடியும், கடைக்காரரைப் பார்த்து.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் பக்கம் புதிதாக மாற்றலாகி வந்திருந்த இன்ஜினியர் ஐயாவின் சம்சாரம் ஒரு வெள்ளிக்கிழமை பிள்ளையார் முன்னால் பாடினார்கள். முறையாகக் கற்றுக்கொண்ட பாட்டு. எல்லோரும் சொக்கிப்போனோம். "சுத்தமான அஞ்சரைக் கட்டை" என்று இவர்கள் இருவருக்கும் எடுத்துச் சொன்னவனே நான்தான். அதற்கு முன்னால் இவர்களுக்குக் கட்டை என்றால் விறகுக்கட்டைதான் தெரியும்.

கடைக்காரர் மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார். துருத்தியை ஒவ்வொன்றாக அசைத்தார். முதல் பெட்டியில் பஞ்சமம் ஒரு மயிரிழை சேரவில்லை. என் பக்கத்தில் நின்ற இருவருக்கும் அது தெரியாது. நன்றாயிருக்கிறது, இதையே கட்டுங்கள் என்று சொல்லியிருந்தால் மார்கழி முழுக்க அது பாட்டோடு சேராமல் இவர்களைக் காட்டிக்கொடுத்திருக்கும். சொல்ல நாக்கு வரையில் வந்தது. ஆனால் அது சாமி முன்னால் வைக்கப்போகிற பெட்டி. மூன்றாவதைத் தொட்டுக் காட்டிவிட்டுக் கடைப்படியை விட்டு இறங்கினேன்.

மத்தியானம் குளப்படியில் கட்டுச்சாதம் பிரித்தார்கள். நான் கை நனைக்கவில்லை.

"எதுக்குய்யா என்னைக் கூட்டியாந்த?"

"சொன்னா வந்துருப்பியா?" என்றான் ஜால்ராக்காரன். சோற்றைப் பிசைந்துகொண்டே பேசினான். "அந்தம்மா பாடுனா, கொட்டாய் போட்டுக் கரண்டு இழுத்து மைக் செட்டு வெக்கிறேன்னு ஐயா சொல்லிகீறாரு. நம்ம பிள்ளையாருக்குத்தானே நல்லது? நீ பின்பாட்டு பாடேன், இன்னா போச்சு?"

"அஞ்சரைக்கு நான் பின்பாட்டா? கத்தத்தான் முடியும்."

"எனக்கு மனசே இல்லீங்கண்ணே," என்றான் மிருதங்கக்காரன் மெல்ல.

"மனசு இல்லாமத்தான் எத்தினி நாளா பேசிவெச்சிருந்தீங்க?"

"ஆடி மாசத்துலேர்ந்து," என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

ஆடியிலிருந்து கார்த்திகை வரை. தினம் என் வீட்டில் காபி குடித்தவர்கள். ஆளை மாற்றியதைக்கூட நான் தாங்கியிருப்பேன். அந்தம்மாளுக்கும் இது ஒன்றும் தெரியாது, அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. அவ்வளவு நாள் வாயை மூடியிருந்துவிட்டு, என் காதையே கடன் வாங்கிக்கொண்டு வந்தார்களே, அதுதான் ஆறவில்லை. சாயங்காலம் அவர்கள் ஒரு பந்தல் வாசலில் நின்று கச்சேரி கேட்டார்கள். நான் தள்ளி நடைபாதையில் உட்கார்ந்திருந்தேன். எத்தனையோ பேர் காசு கொடுத்துக் கேட்கிற சங்கீதம். எனக்கு ஒரு வரிகூடக் காதில் ஏறவில்லை.

மார்கழி முதல் நாள் வழக்கம்போல எழுந்து குளித்துவிட்டேன். வீட்டுக்காரி கோலம் போட்டு விளக்கு வைத்துவிட்டு, "தெருவுக்கு வருவாங்களா?" என்று கேட்டாள். வரவில்லை. கொட்டகையிலேயே உட்கார்ந்து ஒலிபெருக்கியில் பாடினார்கள். பெட்டி சுத்தமாக இழைந்தது. அந்தம்மாள் பாட்டில் குறை சொல்ல ஒரு இடமில்லை. அந்த மாதம் முழுவதும் நான் பிள்ளையாரை வீட்டிலிருந்தபடியே கும்பிட்டேன்.

கடைசி நாள் ஜால்ராக்காரன் தூக்குப் பாத்திரத்தோடு வாசலில் நின்றான். முன்பெல்லாம் குரல் கொடுத்துக்கொண்டே அடுப்படி வரைக்கும் போகிறவன்.

"பிரசாதம்யா. இதையும் வாணான்னு சொல்லாத."

இரண்டு கைகளையும் நீட்டி வாங்கினேன். கண்ணில் ஒற்றிக்கொண்டு, அவன் எதிரிலேயே ஒரு வாய் சாப்பிட்டேன். பொங்கலில் நெய் மணத்தது. அவன் கொஞ்ச நேரம் நின்றான். உள்ளே வா என்று நான் சொல்லவில்லை.