அண்ணை கழற்றிய எஞ்சின்

திருநெல்வேலிச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றபோது செய்தி வந்தது. "கராச் நடராசா அண்ணை விடியப்பறம் மோசம் போயிட்டார்" என்றார் இணுவில்காரர் ஒருவர். பையைக் கடைக்காரரிடமே விட்டுவிட்டு வந்த பஸ்ஸில் ஏறினேன். அது இணுவிலுக்குப் போகாத பலாலி வீதி பஸ். கோண்டாவிலில் இறங்கி, தோட்டங்களுக்குள்ளால் செத்தவீட்டுக்கு நடந்தேன். அண்ணை இருந்திருந்தால், "எட்டாம் வகுப்புப் படிச்சும் போர்டு வாசிக்கத் தெரியேல்லையோ?" என்று கேட்டிருப்பார்.

அவரை அறிந்த உங்களுக்கு அந்தத் தாழ்ந்த, கூரையில்லாத இரண்டு சீட் கார்கள் மறந்திருக்காது. இறக்குமதி நின்றிருந்த காலம். தன் கராச்சில் பழைய கார்களை உடைத்து, தகரத்தைத் தானே தட்டி வளைத்து, நாலு செய்து விற்றார். சீட் தைத்தது நான்.

ஐந்தாவதைக் கேட்டு வந்தவர் என் மகளுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை. "உது பார்வைக்குத்தான், ஓட்டம் காணாது. விலை கூடினாலும் காரியமில்லை, பெரிய எஞ்சின் போட்டு ஒண்டு செய்விச்சுத் தாங்கோ, மாமா" என்றார். தாலி ஏறமுன்னமே 'மாமா' என்றதில் நான் கவிழ்ந்துவிட்டேன். எஞ்சின் கிடைக்க முன்னமே சாத்திரியாரிடம் போய், முதல் ஓட்டத்துக்கு நல்ல நேரமும் எடுத்துவிட்டேன்.

அண்ணை இழுத்தடித்தார். "வேகத்தைக் கூட்டித் தருவன், தம்பி. அதுக்கேத்த பிரேக்குக்கு எங்கை போறது?"

"இருக்கிற பிரேக் பிடிக்காதோ?"

"சின்ன எஞ்சினுக்குப் பிடிக்கும்."

"சம்பந்தம் குழம்பிப் போகும், அண்ணை" என்று நாள்தோறும் போய் அரித்தேன். கடைசியில் முணுமுணுத்துக்கொண்டு பெரிய எஞ்சினைப் பூட்டினார்.

குறித்த நேரத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள். சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்தாயிற்று. அண்ணை கார்த் திறப்பை மாப்பிள்ளையிடம் கொடுக்காமல் தானே ஓட்ட ஏறினார். என்னைப் பார்த்து, "பக்கத்துச் சீட்டிலை ஆர் இருக்கப் போறது?" என்றார்.

"மகள்தானே."

"அப்ப முதல் நீ ஏறு."

நல்ல நேரம் முடியப் பத்து நிமிஷம்தான் இருந்தது. ஏறினேன். கார் பறந்தது, என் சால்வையும் பறந்தது. வளைவில் ஒரு மாட்டுவண்டில். அண்ணை பிரேக்கை அமத்தினார். கார் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வண்டிலை ஒரு முழத்தில் விலத்தி, புகையிலைத் தோட்டத்துக்குள் போய்த்தான் நின்றோம்.

"சுகமாய் இருந்ததோ?" என்றார் அண்ணை. நான் சால்வையைத் தேடிக்கொண்டு இறங்கினேன்.

பின்னேரமே அந்த எஞ்சினைக் கழற்றினார். "சின்ன எஞ்சினோடை எண்டால் எடுங்கோ, தம்பி. மற்றது செய்யமாட்டன்" என்று மாப்பிள்ளைக்கு நேரே சொன்னார். அவர் காரையும் எடுக்கவில்லை, என் மகளையும் எடுக்கவில்லை. "என்ரை பிள்ளையின்ரை வாழ்க்கையிலை மண்ணைப் போட்டிட்டியள்" என்று அண்ணையை ஏசிவிட்டு வந்தேன். ஒரு வருஷம் கதைக்கவில்லை.

பிறகு மகள்தான் சொன்னாள்: "அப்பா, அந்தச் சீட்டிலை ஆர் இருக்கிறதெண்டு உங்களிலை ஒருத்தரும் யோசிக்கேல்லை. அவர்தான் கேட்டவர்."

அடுத்த நாள் ஊசியும் நூலுமாய்க் கராச்சுக்குப் போனேன். "சீட்டொண்டு கிழிஞ்சு கிடக்கு, பார்" என்றார். நான் தைக்க உட்கார்ந்தேன். ஆனால் அவர் செய்தது சரி என்று நான் கடைசிவரை சொல்லவில்லை. அதுதான் இப்போது நெஞ்சுக்குள் நின்று குடைகிறது.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது என் வலது காலின் ஒரு பழக்கம். யார் ஓட்டினாலும், வளைவு வந்தால் அது இல்லாத பிரேக்கை அமத்தும். அவரைச் சுடலைக்குக் கொண்டுபோன வாகனத்தில் என்னை முன் சீட்டில் ஏற்றினார்கள். ஒவ்வொரு வளைவிலும் அமத்தினேன். வாகனம் நிற்கவில்லை.