குதிரை வருஷத்தின் முதல் காலடி

லுவாவுக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும், அப்புறம்தான் வாய் திறக்கும். பின் யூங் மாகாணத்துச் செருப்புத் தொழிற்சாலையில் அவளோடு தையல் வரிசையில் உட்காருகிற பெண்களுக்கெல்லாம் இது தெரியும். காதைப் பார்த்ததுமே சூப்பர்வைசர் அடுத்த வரிசைக்கு நழுவிவிடுவார். அன்றைக்கு, வருஷத்தின் கடைசி நாள் மத்தியானம், நடுவழியில் ஒரு சோற்றுக்கடை முன்னால் நின்றுபோன பஸ்சுக்குப் பக்கத்தில் அவள் நின்றபோது காது இரண்டும் மிளகாய்ப் பழமாகியிருந்தன.

"எப்பத்தாங்க கிளம்பும்?"

"இதோ, பெல்ட்டு வந்ததும் கிளம்பிடும்," என்றார் கண்டக்டர், பல்லைக் குத்திக்கொண்டே.

"காலையில எட்டு மணிக்கும் இதோன்னுதான் சொன்னீங்க. உங்க இதோவுக்கு எத்தனை மணி நேரம்?"

"கோவப்படாதம்மா. தெத் புதுவருஷ நாளும் அதுவுமா சிரிச்ச முகமா இரு."

சிரிச்ச முகமாம்! இரண்டு படுக்கைக்கு டிக்கெட் எடுத்திருந்தாள். ஏறிப் பார்த்தால் இரண்டிலும் வேறு ஆட்கள் படுத்துக் கிடந்தார்கள். அவளுக்கும் மகனுக்கும் நடைபாதையில் ஒரு பாய் விரித்தார்கள். போகிறவர் வருகிறவர் கால் படாமல் இருக்க, இரவு முழுக்க நான்கு வயது தோம்மைத் தன் மேல் படுக்கவைத்துக்கொண்டு அவள் கண் கொட்டாமல் கிடந்தாள். சாயந்தரம் ஆறு மணிக்குப் புறப்பட வேண்டிய வண்டி பதினொன்றுக்குப் புறப்பட்டது. வழியெல்லாம் நிறுத்தி நிறுத்தி ஆளைத் திணித்தார்கள். பாரம் தாங்காமல் கடைசியில் இந்தச் சோற்றுக்கடை வாசலில் வண்டியே படுத்துவிட்டது.

சாதாரண நாளாக இருந்தால் இரண்டு திட்டு திட்டிவிட்டு உட்கார்ந்திருப்பாள். இன்றைக்கு அப்படி முடியாது. நடுநிசிக்கு முன்னால் குவாங் ங்காயில் அப்பா வீட்டுக்குள் போய்விட வேண்டும். புது வருஷம் பிறந்துவிட்டால், முதலில் வீட்டுக்குள் கால் வைக்கிறவர் எப்படியோ அப்படித்தான் அந்த வீட்டுக்குப் பன்னிரண்டு மாதமும். ஆளைத் தேர்ந்தெடுத்து, முன்கூட்டியே சொல்லிவைத்து வரவழைப்பார்கள். புருஷன் செத்து எட்டே மாதமான, சட்டையில் கறுப்புத் துணி குத்திய பெண்ணுக்கு அந்த நேரத்தில் வாசல் கிடையாது. போதாததற்கு லுவா எலி வருஷத்தில் பிறந்தவள். பிறக்கப்போவது குதிரை வருஷம். எலிக்கும் குதிரைக்கும் ஆகவே ஆகாது.

இந்தப் பட்டியலை அண்ணி துயெத் நேற்றிலிருந்து நான்கு தடவை போனில் ஒப்பித்துவிட்டாள்.

"பன்னெண்டுக்குள்ள வந்துடுவல்ல லுவா? உன்னைத் தப்பாச் சொல்லல. முதல் காலடிக்கு லோக் அண்ணன் காலையில ஏழு மணிக்கு வர்றாரு. அவர் வந்துட்டுப் போற வரைக்கும் யாரும் வரக்கூடாது, அவ்வளவுதான்."

"அண்ணி, அப்பா எப்படி இருக்காரு?"

"அவரு இருக்காரு. நீ பன்னெண்டுக்குள்ள வா."

அப்பாவுக்குப் போன வருஷம் ஒரு பக்கம் விழுந்துவிட்டது. தடியை ஊன்றிக் கட்டிலிலிருந்து நாற்காலிவரை வருவார். மருமகன் வின்னை லாரி அடித்துப் போட்டபோது அவரால் வந்து பார்க்க முடியவில்லை. போனில் அழுத அழுகைதான். "குழந்தையைக் கொண்டாந்து காட்டும்மா" என்று மட்டும் எட்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். தொழிற்சாலை எட்டு மாதமும் லீவு தரவில்லை. இந்தப் பயணம் அதற்காகத்தான், வேறு எதற்கும் இல்லை.

தோம் வழியெல்லாம் ஒன்றையே சொல்லிப் பழகிக்கொண்டு வந்தான். "தாத்தா நூறு வருஷம் நல்லா இருக்கணும்." கைகளைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து, சோற்றுக்கடை நாய்க்குக்கூட ஒரு தடவை சொன்னான்.

பெல்ட் இருட்டிய பிறகுதான் வந்தது. வருஷம் எங்கேயோ மலைப்பாதையில் பிறந்தது. பஸ்சில் எல்லோரும் கைதட்டினார்கள். லுவா தட்டவில்லை.

காலை ஆறு மணிக்கு நெடுஞ்சாலையில் இறக்கிவிட்டார்கள். முதல் நாள் காலையில் எந்த வண்டிக்காரன் வருவான்? பையைத் தோளில் மாட்டி, பிள்ளையை இறக்கியும் தூக்கியும் இரண்டு கிலோமீட்டர் நடந்தாள். அண்ணன் பாவோவின் சிமெண்டுக் கடையும் அதன் மேல் புதிதாக எழுப்பிய மாடியும் தூரத்திலேயே தெரிந்தன. கேட்டுக்கு வெளியே இரண்டு தொட்டி மஞ்சள் சாமந்தி. இரும்பு கேட் பூட்டியிருந்தது.

பாவோ புதுச் சட்டையோடு கேட்டுக்கு உள்ளே நின்றான். சாவி கையிலேயே இருந்தது.

"வந்துட்டியா? ஒரு ஒரு மணி நேரம். லோக் அண்ணன் வந்துடட்டும்."

"பிள்ளை ரெண்டு நாளா தரையில கிடந்துருக்கான் அண்ணே."

"எனக்குத் தெரியாதா? நானா செஞ்சேன் இந்த வழக்கத்தை? எதிர்வீட்டுல கொஞ்சம் உட்காரு."

எதிர்வீட்டு அம்மாள் ஜன்னல் வழியாக லுவாவின் கறுப்புத் துணியைப் பார்த்தாள், ஜன்னலைச் சாத்தினாள். அதற்கு அடுத்த வீட்டில் கதவையே சாத்தினார்கள். தெரு நீளத்துக்கும் சாமந்தி பூத்திருந்தது, ஒரு மனுஷி நிற்க இடம் இல்லை.

உள்ளேயிருந்து அப்பாவின் குரல் கேட்டது. "யாரு, லுவாவா?"

"ஒண்ணுமில்லப்பா, நீங்க உட்காருங்க," என்றாள் துயெத்.

ஒண்ணுமில்லையாம்! லுவா பையைக் கீழே போட்டுவிட்டு கேட்டோரமாகவே நின்றாள். போகச் சொன்ன இடத்துக்குப் போக மாட்டேன் என்கிற நிற்பு அது.

"அம்மா, ஒண்ணுக்கு வருது," என்றான் தோம்.

"அண்ணே, கேட்டீங்களா?"

பாவோ வேறு பக்கம் பார்த்தான்.

"சரிடா தங்கம். அந்தத் தொட்டியிலயே போ."

பிள்ளை போனான். நிறையவே போனான். உள்ளேயிருந்து துயெத் ஐயோ ஐயோ என்று வாயில் அடித்துக்கொண்டாள்.

ஏழரைக்கு மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. லோக் அண்ணன் வந்தார். அறுபது வயது, குதிரை வருஷத்திலேயே பிறந்தவர், மூன்று பிள்ளைகளும் நல்ல வேலையில். மழமழவென்று சவரம் செய்த முகம், மடியில் சிவப்புத்தாள் சுற்றிய பெட்டி. தெருமுனையில் திரும்பும்போது சிரித்துக்கொண்டுதான் வந்தார். கேட்டோரத்தில் நின்றவளைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. வருஷத்தின் முதல் புறப்பாட்டில் எதிரே நிற்பது ஒரு பெண், அதுவும் துக்கத் துணியோடு. மனுஷன் பிரேக் போட்டார், காலை ஊன்றினார். "ஒண்ணை மறந்துட்டேன் பாவோ, இதோ வந்துடறேன்," என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு பறந்தார்.

அந்த 'இதோ' எப்படிப்பட்டது என்று லுவாவுக்கு நேற்றே தெரியும்.

"போயிட்டாரே!" துயெத் ஓடிவந்து கம்பியைப் பிடித்தாள். "உன்னை யாரு இங்க நிக்கச் சொன்னது? அவர் கண்ணுல படற மாதிரி வந்து நின்னியே, பாவி!"

"நானா நின்னேன்? பூட்டி வெச்சது யாரு? வந்த உடனே உள்ள விட்டிருந்தா நான் பின்கட்டுல உங்களுக்குப் பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்திருப்பேன். எந்த லோக் அண்ணன் கண்ணுலயும் பட்டிருக்க மாட்டேன்."

"பேசற நேரமா இது? இனிமே யாரு வருவா எங்க வீட்டுக்கு?"

லுவாவின் காது சிவந்து, கழுத்தும் சிவந்தது.

"போன வருஷம் யாரு வந்தாங்க அண்ணி? சொல்லுங்க. என் புருஷன்தானே? மாப்பிள்ளை ராசிக்காரரு, சிரிச்ச மூஞ்சி, அவர்தான் முதல்ல கால் வைக்கணும்னு நீங்கதானே அவரை விடியறதுக்குள்ள எழுப்பித் தெருவுக்கு அனுப்பிக் கூட்டிட்டு வந்தீங்க? அந்தக் கால் பட்டதுலதான் மூணு லாரி சிமெண்டு வித்துப் போச்சு, மாடி வந்துச்சுன்னு ஊரெல்லாம் சொன்னீங்க. அவர் குடுத்த அதிர்ஷ்டத்துல மாடி கட்டிட்டு, அவருக்காக நான் குத்தியிருக்கிற துணியைப் பாத்தா மட்டும் தீட்டா?"

பாவோ சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். லுவா பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து பாவோ மெதுவாகக் கேட்டான். "லுவா, தோம் புலி வருஷம்தானே?"

"ஆமா. அதுக்கென்ன?"

அவன் மனைவியைப் பார்த்தான். "புலி, குதிரை, நாய். நான் நாய் வருஷம். மூணும் ஒத்துப்போற கூட்டு. வின்னோட பிள்ளை வேற." துயெத்தின் முகத்தில் வெளிச்சம் வந்தது.

"பிள்ளைக்கும் அப்பா துக்கம் இருக்கே?" என்றாள் லுவா.

"சின்னப் பிள்ளைக்கு என்னம்மா துக்கம்! அவனை இறக்கி விடு. கேட்டைத் திறக்கறேன், ஓடி வரட்டும். கொஞ்சம் கழிச்சு நீ வா."

இவ்வளவு நேரம் பிள்ளை என்று ஒருத்தன் அங்கே இருந்ததே அவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. லுவா அண்ணனையே பார்த்தாள்.

"அவன் தூங்கறான்."

தூங்கித்தான் போயிருந்தான். வாயிலிருந்து எச்சில் அவள் தோளில் வழிந்தது.

"எழுப்பு."

"யாராவது எழுப்பட்டும், கையை ஒடிச்சிடறேன்."

"அப்ப எப்படி உள்ள வருவான்?"

"நான் தூக்கிட்டு வர்றேன்."

துயெத் கணக்குப் போட்டாள். "அப்ப முதல் கால்..."

"என்னுது."

உள்ளே தடி தரையில் ஓங்கி இடித்தது. "பாவோ! கேட்டைத் திறடா! என் மகளை எவ்வளவு நேரம்டா தெருவுல நிக்க வைப்ப?" பாதி முகம் அசையாத மனுஷனின் குரல் குழறியது, ஆனால் தெருவுக்கே கேட்டது.

பூட்டு திறந்தது. லுவா உள்ளே வந்தாள். இரண்டு நாள் தூசி படிந்த செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, துடைத்து வைத்திருந்த தரையில் வெறுங்காலோடு நடந்தாள். துயெத் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டாள். அப்பா நாற்காலியில் இருந்தார். பிள்ளையை அவர் மடியில் கிடத்தினாள். தோம் அரைக் கண்ணைத் திறந்து, "தாத்தா நூறு வருஷம்" என்றான், மீதியைச் சொல்லாமல் மறுபடி தூங்கிவிட்டான்.

அப்பா நல்ல கையால் பக்கத்து மேசையைத் துழாவினார். முதலில் கால் வைப்பவருக்கென்று, லோக் அண்ணனுக்காக எடுத்து வைத்திருந்த பணம் போட்ட சிவப்பு உறை அங்கே இருந்தது. அதை எடுத்து மகள் கையில் வைத்து மூடினார். அப்போதுதான் லுவா அழுதாள். அப்பா அவள் கையை விடவில்லை.

அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் திரும்பினாள். பாவோ என்ன செய்வதென்று தெரியாமல் கதவருகே நின்றான்.

"அண்ணே," என்றாள். "என் பை தெருவுல கிடக்கு. போய் எடுத்துட்டு வாங்க."

அவன் போய் எடுத்துக்கொண்டு வந்தான்.