இருபதாவது வால்வு

அன்று காலை நம் நகர் வாட்ஸ்அப் குழுவில் முதலில் வந்தது மூன்றாம் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை என்ற புகார். அடுத்து, குப்பைத் தொட்டியைச் சுற்றி நாய்கள் நிற்கும் படம். அதற்கும் கீழே, "வால்வு ஏழுமலை இறந்துட்டாராம்" என்று ஒரு வரி. கும்பிடும் கைகள் வரிசையாக வந்தன. அவை நிற்பதற்குள் ஒருவர் கேட்டிருந்தார்: "அப்போ இன்னிக்குத் தண்ணி உண்டா இல்லையா?" ஏழுமலை நமக்குத் தண்ணீர் திறப்பதை விட்டு மூன்று வருடமாகிறது என்பதுகூட அவருக்கு நினைவில்லை. சுருக்கென்று கோபம் வந்தது எனக்கு. பதில் தட்டத் தொடங்கி, கோபப்பட நமக்கு என்ன யோக்கியதை என்று தோன்றி, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

நம் நகர் நலச் சங்கத்தின் செய்தி மடலுக்கு அவரைப் பற்றி யார் எழுதுவது என்று கேட்டதும் எல்லோரும் என்னையே கைகாட்டினார்கள். "மேடம்தான் நல்லா எழுதுவாங்க" என்றார்கள். நான் நன்றாக எழுதுவேன் என்பதுதான் ஏழுமலைக்கு வந்த கேடு. உங்களில் சிலருக்கு அது தெரியும். தெரியாதவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நம் கற்பகம் நகருக்கும் அக்கம்பக்கத்து நகர்களுக்கும் பதினேழு வருடம் குடிநீர் திறந்துவிட்டவர் ஏழுமலை. நகராட்சியின் ஒப்பந்தத் தொழிலாளி. விடியும் நேரத்தில் ஒரு பழைய மொபெட்டில் வருவார். ஆள் உயர இரும்புச் சாவி ஒன்று அதன் பக்கவாட்டில் கட்டியிருக்கும். தெருவில் பதித்த மூடியைத் தூக்கி, சாவியைக் குழிக்குள் இறக்கி, தானும் சேர்ந்து சுற்றித் திருப்புவார். பிறகு சாவியின் மேல்முனையில் காதை வைத்துக் கேட்பார். குழாயில் தண்ணீர் ஓடுகிற சத்தம் அதில் ஏறி வருமாம். "வந்துகினு கீது மேடம், கொடத்த எடு" என்பார். அவர் சொன்ன இரண்டாவது நிமிடம் குழாய் இருமும், மூன்றாவது நிமிடம் தண்ணீர் விழும்.

நாங்கள் ஆவடி குவார்ட்டர்ஸில் முப்பது வருடம் குடியிருந்து, என் வீட்டுக்காரர் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றதும் இங்கே மனை வாங்கி வந்தவர்கள். குவார்ட்டர்ஸில் குழாயைத் திருகினால் தண்ணீர் வரும். இங்கே வந்த பிறகுதான் மனு எழுதக் கற்றுக்கொண்டேன். தெருவிளக்குக்கு, மழைநீர்க் கால்வாய்க்கு, நாய்க்கு, மூலைக் குப்பைக்கு என்று எழுதி எழுதி ஒரு தடித்த ஃபைலே சேர்ந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் பதில், தங்கள் மனு சம்பந்தப்பட்ட பிரிவுக்கு அனுப்பப்பட்டது என்பதுதான். "நீ எழுதினா கல்லும் கரையும், நகராட்சி மட்டும்தான் கரையாது" என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். செம்பரம்பாக்கம் ஏரி இதோ இங்கேதான் இருக்கிறது. ஏரி நிரம்பினால் டிவியில் காட்டுவார்கள், நம் குழாயில் காட்ட மாட்டார்கள்.

மூன்று வருடத்துக்கு முந்தைய கோடையில் எங்கள் மூன்றாம் தெருவுக்குத் தொடர்ந்து மூன்று முறை தண்ணீர் வரவில்லை. ஏழுமலையை நிறுத்திக் கேட்டேன். "தண்ணிக்கு ஆளு தெரியாது மேடம், மேடு பள்ளம்தான் தெரியும். உங்க தெரு மேடு. நான் இன்னா பண்றது?" என்றார். எனக்கு அது சால்ஜாப்பாகப் பட்டது. மறுநாள் பாரிவாக்கம் ரோட்டில் புதிதாக வந்த அடுக்குமாடி வாசலிலிருந்து அவர் வெளியே வருவதைப் பார்த்தேன். கையில் புடைத்த ஒரு பை. அங்கே மட்டும் தண்ணீர் வழிந்து தெருவில் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டேன்.

அன்று மதியமே உட்கார்ந்து எழுதினேன். இரண்டு பக்கம். குழந்தைகள் தாகத்தோடு பள்ளிக்குப் போவதை எழுதினேன். யாரோ கவனித்துக்கொள்கிறார்கள் என்பதற்காக ஒரு தெருவையே வாட விடுகிற மனசாட்சியற்ற மனிதர் என்று எழுதினேன். எழுதி முடித்து வாசித்தபோது எனக்கே கண் கலங்கியது. திங்கட்கிழமை மனுநாளில் நேரில் கொடுத்துவிட்டு வந்தேன்.

பத்தே நாளில் நடவடிக்கை எடுத்தார்கள். நான் எழுதிய அத்தனை மனுக்களிலும் நடவடிக்கை எடுக்கப்பட்ட ஒரே மனு அதுதான். ஏழுமலையைத் தண்ணீரிலிருந்து எடுத்துக் கால்வாய் தூர் வாரும் குழுவில் போட்டுவிட்டார்கள். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தைந்து இருக்கும். புதிதாக இரண்டு பேர் சாவியோடு வந்தார்கள். அதற்குப் பிறகும் மூன்றாம் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை என்பதை நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை.

இதோடு போயிருந்தாலும் நான் ஒருமாதிரி சமாதானம் ஆகியிருப்பேன். அந்த மாதம்தான் நீண்ட நாள் வேலை பார்த்த ஒப்பந்தத் தொழிலாளர்களை நிரந்தரமாக்கப் பட்டியல் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். ஏழுமலையின் பெயர் அதில் மேலே இருந்ததாம். புகார் நிலுவையில் உள்ளவர்களை நீக்கிவிட்டு மேலே அனுப்பியிருக்கிறார்கள். குடிநீர்ப் பிரிவில் உள்ள ஒருவர் என்னைப் பாராட்டுவதாக நினைத்துக்கொண்டு இதைச் சொன்னார். "உங்க லெட்டர்தாம்மா, படிச்சவங்கல்லாம் ஆடிப்போயிட்டாங்க."

அன்றே அலுவலகத்துக்கு ஓடினேன். பட்டியல் போனாலும் பின்னால் சேர்க்க வழி இருக்கும் என்று ஒரு நப்பாசை. என் புகாரை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். பிரிவு எழுத்தர் நல்ல பெண்மணி. உட்காரச் சொல்லி, பதிவேட்டை என் பக்கம் திருப்பியே காட்டினார். "மனு வந்த தேதிக்குக் கட்டம் இருக்கு, நடவடிக்கைக்குக் கட்டம் இருக்கு. வாபஸ்னு ஒரு கட்டம் இல்லைங்கம்மா. நீங்க இன்னொரு மனு குடுங்க, இதோட சேர்த்து வைக்கிறேன்." கொடுத்தேன். நான் தவறாகப் புரிந்துகொண்டேன் என்று எழுதிக் கொடுத்தேன். பதில் வந்தது. தங்கள் மனு சம்பந்தப்பட்ட பிரிவுக்கு அனுப்பப்பட்டது.

அடுத்த வருடம் நமக்குப் புதிய ரோடு போட்டது நினைவிருக்கும். போட்ட வேகத்தில் வால்வு மூடிகள் எல்லாம் தாருக்குள் போய்விட்டன. புதிய ஆட்கள் இரண்டு நாள் கண்ட இடத்தில் கொத்தினார்கள். ஆறு தெருவும் வறண்டு கிடந்தது. வேறு வழியில்லாமல் நான்தான் ஏழுமலைக்குப் போன் செய்தேன். வர மாட்டார் என்று நினைத்தேன். கால்வாய் வேலையை முடித்துக்கொண்டு, காலில் சேறு காயாமல் வந்து நின்றார். விளக்குக் கம்பத்தில் முதுகைச் சாய்த்து, அங்கிருந்து அடி எடுத்து வைத்து எண்ணினார். பதினோராவது அடியில் நின்று, "இங்க கொத்து நைனா" என்றார். நாலு கொத்தில் மூடி தெரிந்தது.

குழிக்குள் குழாய் மூட்டு ஒழுகிக்கொண்டிருந்தது. மொபெட் பெட்டியிலிருந்து கிழித்த சைக்கிள் டியூப் ஒன்றை எடுத்து இறுக்கிச் சுற்றினார். இதெல்லாம் எங்கே வாங்குகிறீர்கள் என்று கேட்டேன்.

"வாங்கறதா? அந்த பாரிவாக்கம் ரோட்டு பிளாட்டு வாச்மேன் குடுப்பாரு மேடம். அவுங்க மோட்டார் போட்டு லைன்லயே உறிஞ்சறாங்கோ, நிறுத்துங்கன்னு சொல்லப் போவேன். அவுங்க எங்க நிறுத்துனாங்கோ? வாச்மேன்தான் பாவப்பட்டு ஒரு பை நெறைய பழைய டியூபு குடுத்தாரு."

அதுவரை அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டிருக்கிறேன். அன்றுதான் முதல்முறையாக, "அண்ணே, அந்தப் புகாரை எழுதினது நான்தான்" என்றேன். அவர் டியூபை முடிச்சுப் போட்டுக்கொண்டே சொன்னார்:

"தெரியும் மேடம். ஆபீஸ்ல எனுக்குப் படிச்சிக் காமிச்சாங்கோ. நல்லா எழுதிகீறே. கேக்கச்சொல்ல எனுக்கே என் மேல கோவம் வந்துச்சி."

குத்திக்காட்டவில்லை. மெய்யாகவே பாராட்டினார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கையைக் கழுவிக்கொண்டு, "அதே மாதிரி எனுக்கும் ஒண்ணு எழுதிக் குடேன். பர்மனென்ட்டு கேட்டு" என்றார்.

எழுதினேன். பதினேழு வருடத்தையும் எழுதினேன். சாவியில் காதை வைத்துக் கேட்பதை எழுதினேன். என் வாழ்நாளில் அதைவிட நன்றாக நான் எதையும் எழுதியதில்லை. மறுபடியும் மறுபடியும் எழுதினேன், மனுநாளில் போய் நின்றேன், கவுன்சிலரைப் பார்த்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவரைப் பற்றிக் கெட்டதாக எழுதினால் பத்து நாள் போதும். நல்லதாக எழுதினால் எத்தனை நாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கால்வாய் ஓரத்தில் பார்க்கும்போதெல்லாம், "இன்னா மேடம், பதில் வந்துச்சா?" என்று கேட்பார். ஒரு கட்டத்தில் கேட்பதை நிறுத்திவிட்டார். நான் தலைகுனிவதைப் பார்க்க அவருக்குப் பிடிக்கவில்லை.

இந்த வருடம் அவர் காலில் புண் வந்தது. சர்க்கரை உள்ள உடம்பு. கால்வாயில் ஏதோ கண்ணாடி கிழித்து, ஆறாமல் ஏறிக்கொண்டே போனது. ஆஸ்பத்திரியில் பாதத்தில் பாதியை எடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். மாங்காடு ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது அவர் வீடு. பார்க்கப் போனபோது, "நோட்டு கீதா மேடம்? எழுதிக்கோ" என்றார். கண்ணை மூடிக்கொண்டு நம் பகுதி வால்வுகள் ஒவ்வொன்றையும் சொன்னார். எந்தக் கம்பத்திலிருந்து எத்தனை அடி, யார் வீட்டு கேட்டுக்கு நேராக, எத்தனை சுற்று, எது இடப்பக்கம் திருகுவது. மொத்தம் பத்தொன்பது. தட்டச்சு செய்து அலுவலகத்தில் கொடுத்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"குடுக்காத. பைல்ல போட்ருவாங்கோ. நீயே வச்சிக்கோ."

உங்கள் தெரு வால்வு எங்கே அண்ணே என்று கேட்டேன். சிரித்தார். "எங்க தெருவுக்கு லைனே கெடையாது மேடம். பாதித் தெரு இந்த ஆபீசு, பாதித் தெரு அந்த ஆபீசு. ரெண்டு பேரும் எங்க லிமிட்டு இல்லன்றாங்கோ. லாரித் தண்ணிதான்."

அது எவ்வளவு உண்மை என்பதை அவர் இறந்த அன்று பார்த்தேன். வாசலில் நீல டிரம்கள் வரிசையாக நின்றன, எல்லாம் அடிமட்டத்தில். அன்று லாரி முறை இல்லை. உடலைக் குளிப்பாட்டத் தண்ணீர் போதவில்லை. நான் எனக்குத் தெரிந்த எல்லா எண்ணுக்கும் போன் செய்தேன். அனுப்புகிறோம் என்றார்கள். உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது என்று குறுஞ்செய்தி மட்டும் உடனே வந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பதினேழு வருடம் நமக்குத் தண்ணீர் திறந்தவரைப் பெஞ்சில் கிடத்திவிட்டு, ஒரு மணி நேரத்துக்கு மேல் தண்ணீருக்காகக் காத்து நின்றோம். கடைசியில் அந்தத் தெருப் பெண்கள் தங்கள் டிரம்மிலிருந்து வீட்டுக்கு ஒரு குடமாகக் கொண்டுவந்து ஊற்றினார்கள். லாரி வரவே இல்லை. மறுநாள், உங்கள் புகாரின் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டு முடிக்கப்பட்டது என்று இன்னொரு குறுஞ்செய்தி வந்தது.

கிளம்பும்போது அவர் மனைவி தனம் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீதானே அந்த மேடம்? அவுரு சொல்லிகினே இருப்பாரு. எல்லா வால்வையும் நம்பர் போட்டு எழுதி வச்சிகீதாம், நல்லா எழுதுமாம்." புகாரைப் பற்றி ஏழுமலை வீட்டில் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அன்று நானும் சொல்லவில்லை. இந்த மடல் அச்சாகி வந்ததும் நானே எடுத்துப் போய்த் தனத்துக்குப் படித்துக் காட்டப் போகிறேன். அவருக்கு அலுவலகத்தில் படித்துக் காட்டினார்கள் அல்லவா, அதுபோல இவரும் கேட்கட்டும். என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்கிறேன்.

அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்த நோட்டு ஒன்றுதான். போன வாரம் புதிய ஆட்கள் வந்து ஐந்தாம் தெரு வால்வு எங்கே என்று கேட்டார்கள். கம்பத்தில் முதுகைச் சாய்த்து, அடி எண்ணி, காட்டிக் கொடுத்தேன். ஆனால் பன்னிரண்டாவது வால்வுக்கு அடையாளமான வேப்பமரத்தை வெட்டிவிட்டார்கள். ஏழாவதற்கு நேரான கேட்டை இடித்து வேறு பக்கம் வைத்துவிட்டார்கள். நோட்டில் இருப்பது ஒவ்வொன்றாகப் பொய்யாகிக்கொண்டிருக்கிறது. திருத்திச் சொல்ல ஆள் இல்லை.

அவர் வீட்டில் அன்று பத்தொன்பதையும் எழுதி முடித்து நோட்டை மூடப் போனபோது அவர் என்னை நிறுத்தினார். "இருபதுன்னு போட்டு எடம் உட்டு வை மேடம். எங்க தெருவுக்கு லைனு வந்தா சொல்றேன், எழுதிக்கோ" என்றார். எழுதியிருக்கிறேன். இருபது என்று போட்டு, எதிரே காலியாக விட்டிருக்கிறேன்.