நட்சத்திரத்தை நீக்கும் முன்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பேருந்தில் இன்று மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தேன். யாரும் நிரல் எழுதிப் பங்களிக்கக்கூடிய திறமூல விண்வெளி விளையாட்டு ஒன்றுக்கு, நட்சத்திரத்தையும் கோள்களையும் விருப்பப்படி அமைத்துக்கொள்ளும் கருவியை எழுதி வருகிறேன்.

அதைப் பயன்படுத்தும் ஒருவர் புகார் அனுப்பியிருந்தார். கைதவறி நட்சத்திரத்தை நீக்கிவிட்டாராம்; அதைச் சுற்றிய பதினொரு கோள்களும் போய்விட்டன. ஒரு மாத உழைப்பு.

'கவனமாக இருந்திருக்க வேண்டும்' என்று பதில் எழுதிக்கொண்டிருந்தேன்.

பக்கத்து இருக்கைப் பெண் திரையை எட்டிப் பார்த்தார். தளவாய்புரத்தில் நைட்டி கட்டிங் வேலையாம். விஷயத்தைச் சொன்னேன்.

"அழிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேக்காதாக்கா அது?"

"கேக்காது. சும்மா சும்மா கேட்டா எரிச்சலா இருக்கும்."

"நல்லா இருக்கே! நாங்க அம்புட்டுத் துணியையும் அடுக்கிட்டு, 'வெட்டலாமா?'ன்னு சத்தமா கேப்போம். இன்னொரு ஆளு சாக்பீஸ் கோட்டைப் பாத்து 'வெட்டு'ன்னு சொன்னாத்தான் மெஷினை வைப்போம். நீங்க கேக்காம வெட்டிட்டு, அந்த மனுசனை வையிறீகளே!"

எழுதியதை அழித்துவிட்டு மன்னிப்புக் கேட்டேன். இறங்குவதற்குள், நீக்கும் முன் கேட்கும் ஒரு கேள்விப் பெட்டியும் சேர்த்தாயிற்று. 'வெட்டலாமா?' என்றுதான் கேட்கிறது.

இன்னும் வெளியிடவில்லை. நிரல் தெரிந்த யாராவது என் கோட்டைப் பார்த்துச் சொல்லுங்கள்.