ஓரத்தில் எழுதிய பெயர்

கிளமென்ட் சாருக்கு மேல்வரிசையில் முன்பல் இரண்டு கிடையாது. எப்படிப் போனது என்று கேட்டால் அவர் சொல்வதில்லை. நான் சொல்கிறேன். முசிறிக்கு மேற்கே ஒரு வாய்க்கால் கரையில், மண்வெட்டிக் காம்பால் அடித்து உடைத்தார்கள். நான் பத்தடி தூரத்தில் நின்றிருந்தேன். ஊர் பெயர் வேண்டாம். அந்த ஊர்க்காரர்கள் பட்டது போதும்.

சார் திருச்சியில் ஒரு கல்லூரியில் சமூகப்பணித் துறையில் கௌரவ விரிவுரையாளராக இருந்தவர். வயது முப்பத்தெட்டு. வீடு காட்டூர். கல்யாணம் ஆகவில்லை, அம்மா லூர்துராணி கூட இருக்கிறார். அந்தக் கல்லூரிக்குப் பதினொரு வருஷமாக வேன் ஓட்டுகிறவன் என்பதால் எனக்கு அவரை நன்றாகத் தெரியும்.

ஆள் பார்க்கச் சாது. ஆனால் கோபம் வந்தால் கை நீளும். அப்பா இறந்தபின் மலைக்கோட்டை அடியில் ஒரு மொத்த ஜவுளிக்கடையில் மூட்டை தூக்கிக்கொண்டே எம்.ஏ. படித்தவர். அங்கே ஒருநாள் எவனோ வந்து, எதிர்க்கடை ஜூட் உன் தங்கச்சியைப் பற்றி இப்படிப் பேசினான் என்று சொல்லியிருக்கிறான். இவர் துணி அளக்கிற இரும்புக் கோலை எடுத்துக்கொண்டு போய் ஜூடின் தாடையைப் பேர்த்துவிட்டார். நடுச்சந்தில், கூட்டம் பார்க்க. ஜூட் ஆறு மாதம் கஞ்சிதான் குடித்தான். பிறகுதான் தெரிந்தது, ஜூட் அப்படி ஒரு வார்த்தை பேசவே இல்லை. இதை அவரே ஒருமுறை வண்டியில் சொன்னார். 

பையன்கள் எல்லாரும் செல்போனில் ஏஐயைக் கேட்டு அசைன்மென்ட் எழுத ஆரம்பித்த வருஷம், அதை எப்படிப் பொறுப்பாகப் பயன்படுத்துவது என்று ஒரு வகுப்பு வைக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தது. மற்ற வாத்தியார்கள் நழுவிவிட, வேலை இவர் தலையில் விழுந்தது. சனிக்கிழமை மதியம். வண்டியில் வெந்து சாவதற்குப் பதில் கடைசி பெஞ்சில் ஃபேன் கீழே போய் நானும் உட்காருவேன். எட்டாவதோடு நின்றவனுக்கே புரிகிற மாதிரி நடத்துவார்.

முதல் வகுப்பில், காட்டூரில் தன் வீட்டுத் தெருவின் வரலாறு என்ன என்று ஏஐயிடம் கேட்டு, பதிலைச் சுவரில் போட்டுக் காட்டினார். இருநூறு வருஷத்துக் கிணறு, ஒரு ஜமீன்தார், ஒரு சத்திரம் என்று அது அளந்து தள்ளியது.

"எங்க தெருவுக்கு வயசே முப்பதுதான்டா," என்றார். "அங்க முன்னாடி கருவேல முள்ளுதான் இருந்துச்சு. பொய் சொல்றோம்னு அதுக்குத் தெரியாது. அதனாலதான் தடுமாறாம சொல்லுது. நீங்க பொய் சொன்னா மூஞ்சி காட்டிக் குடுத்துரும். அதுக்கு மூஞ்சி கிடையாது."

வேண்டாம் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. தமிழைத் திருத்தக் கேள், கேள்வித்தாள் தயாரிக்கக் கேள், ஆனால் நடந்தது எது என்று அதைக் கேட்காதே என்பார். ஒரு சட்டமும் போட்டார். களப்பணி அறிக்கையில் ஒவ்வொரு வரிக்கும் நேரே, ஓரத்தில், அதைச் சொன்ன ஆளின் பெயரைப் பேனாவால் எழுத வேண்டும். பெயர் இல்லாத வரிக்கு மார்க் இல்லை. நல்ல சட்டம் என்றுதான் நானும் நினைத்தேன்.

பிப்ரவரியில் அந்த ஊரில் ஏழு நாள் முகாம். இருபத்திரண்டு பிள்ளைகள். அந்த ஊரில் வடக்குத் தெரு, தெற்குத் தெரு என்று இரண்டு. ஒரே மதகு, ஒரே வாய்க்கால். இரண்டு தெருவுக்கும் வாழைதான் பிழைப்பு. தண்ணீரை முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். மதகைத் திருகித் திறக்கிற இரும்புச் சாவி முழங்கை நீளம் இருக்கும். அது பிச்சமுத்து என்பவர் கையில். தெற்குத் தெருக்காரர்தான், ஆனால் வடக்குத் தெருவும் அவர் வார்த்தைக்கு எதிர்வார்த்தை பேசாது. இருபது வருஷமாக அவர் சொல்வதுதான் முறை.

தண்ணீர் வரலாறு எழுதும் வேலை சித்தார்த்தன் என்ற பையனுக்கு வந்தது. கெட்டிக்காரன், குரல் நல்ல குரல். அவன் வாய்க்கால் பக்கம் போனதை நான் ஒருநாளும் பார்க்கவில்லை. என் வேன் நிழலில்தான் போனைத் தடவிக்கொண்டு கிடந்தான்.

கடைசி நாள் அறிக்கையை ஊரார் முன் வாசித்து, ஒரு பிரதியைப் பஞ்சாயத்தில் கொடுப்பது எங்கள் கல்லூரி வழக்கம். பந்தல், இரும்பு நாற்காலி, வடை, டீ. வரியையும் வாசித்து, ஓரத்துப் பெயரையும் வாசிப்பார்கள். தன் பெயர் வந்ததும் ஜனங்களுக்கு ஒரு சிரிப்பு. சித்தார்த்தன் முறை வந்தது.

"இம்மதகு வடக்குத் தெருவாரின் முன்னோர் கட்டியது. தண்ணீரில் முதல் பாத்தியதை அவர்களுக்கே. தெற்குத் தெருவார் பின்னாளில் வந்து கேட்டு வாங்கிக்கொண்டவர்கள். சொன்னவர், பிச்சமுத்து."

வடக்குத் தெருப் பையன்கள் விசில் அடித்தார்கள். பிச்சமுத்து டீ டம்ளரோடு எழுந்தார்.

"நான் எங்கடா சொன்னேன்?"

"எழுதியே வச்சிருக்காங்க, இன்னும் என்னய்யா," என்றான் சின்னையன். பிச்சமுத்துவின் அண்ணன் மகன். "சொந்தத் தெருவ வித்துப்புட்டு இங்க ஒக்காந்து வடை திங்கிறியா?"

சொல்லிக்கொண்டே இரும்பு நாற்காலியை மடக்கி ஓங்கி அவர் மண்டையில் இறக்கினான். தேங்காய் உடைகிற சத்தம். டம்ளர் கையிலேயே இருக்க, அவர் பக்கவாட்டில் சாய்ந்தார். டீயும் ரத்தமும் சேர்ந்து வேட்டியில் ஓடியது.

அப்புறம் யார் யாரை அடித்தார்கள் என்று கணக்கில்லை. வாழைத்தார் வெட்டுகிற அரிவாள் வந்தது. வடக்குத் தெருவில் வள்ளிக்கண்ணு என்ற அம்மாளின் மகனுக்கு முன்னங்கையில் ஒரே இழுப்பு. எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. பந்தல் கால் பிடுங்கி அடித்தார்கள். கீழே விழுந்தவனை மிதித்தார்கள். பிள்ளைகளை வண்டிக்குள் அள்ளிப் போட்டுக் கிளப்பினேன். பின் கண்ணாடியில் கல் விழுந்து, சுபஸ்ரீ என்ற பெண்ணின் கழுத்தில் சில் ஏறியது. அவள் துப்பட்டாவைச் சுருட்டி அமுக்கிக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள்.

குணசீலம் தாண்டும்போது சார் பின்பக்கம் போனார்.

"பிச்சமுத்து உன்கிட்ட எப்ப சொன்னாரு?"

"நான் அவரப் பாக்கவே இல்ல சார்."

"அப்ப?"

"ஏஐ எழுதிக் குடுத்துச்சு சார். ஓரத்துல பேரு இல்லாட்டி மார்க் போட மாட்டீங்க. தண்ணின்னா அவரத்தான் கேக்கணும்னு ஊர்ல எல்லாரும் சொன்னாங்க. அதான் அவரு பேர எழுதிட்டேன்."

சார் விட்ட அறையில் அவன் ஜன்னல் கம்பியில் போய் மோதினான். உதடு கிழிந்தது. இரண்டாவதற்கு ஓங்கிய கையைக் கம்பியில் குத்திக்கொண்டார். மூன்று தடவை. முட்டித்தோல் பிய்ந்து தொங்கியது.

"நானும்தான்டா கையெழுத்து போட்டேன்," என்றார். "ஓரம் ரொம்பியிருக்கான்னு மட்டும்தான் பாத்தேன்."

திங்கட்கிழமை துறைத்தலைவர் ஆஸ்டின் அவரைக் கூப்பிட்டார். ஓட்டுநர் சாட்சி என்று நானும் வாசலில் நின்றேன். உள்ளே பேசியது முழுக்கக் கேட்டது.

"ஊர்க்காரனுங்க அடிச்சிக்கிட்டானுங்க. நமக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. நீ வாய மூடிக்கிட்டு இரு கிளமென்ட்."

"அந்தச் சண்டைக்குப் பத்திரம் எழுதிக் குடுத்ததே நாமதான் சார்."

"அறிக்கை பொய்னு நீ போய்ச் சொன்னா, கல்லூரி பேரு போயிரும். ஜூன்ல உன் வேலைக்கு ஆர்டர் வராது. சொல்லிட்டேன்."

சார் நேராகப் பெரியாஸ்பத்திரிக்குப் போனார், நானும் கூடப் போனேன். பிச்சமுத்துவுக்குத் தலையில் பதினேழு தையல். கண் திறக்கவில்லை. சம்சாரம் சந்திரம்மாள் கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"சாவிய சின்னையன் புடுங்கிட்டுப் போயிட்டான் சார். வியாழக்கிழமை தெக்குத் தெரு முறை. நீங்க எழுதுன காகிதத்தக் காட்டி வடக்குத் தெரு விடமாட்டேங்குது. ரெண்டு பக்கமும் அரிவாளத் தீட்டிக்கிட்டு நிக்கிறானுங்க. இவரு ஊருக்குள்ள கால வச்சா வெட்டுவேன்னு எங்க தெருவே சொல்லுது. நாங்க எங்க சார் போறது?"

சார் வெளியே வந்து என்னிடம், "வியாழக்கிழமை வண்டி வருமாண்ணே?" என்றார்.

"கல்லூரி வண்டி வராது. என் மச்சான் ஆட்டோ வரும்."

வியாழன் காலை ஏழு மணிக்கு மதகடியில் இறங்கினோம். சார், சித்தார்த்தன், நான். பையன் முகம் இன்னும் வீங்கித்தான் இருந்தது. யாரும் இழுத்து வரவில்லை, ஆட்டோவில் அவனாகவே ஏறினான். வாய்க்காலுக்கு இந்தக் கரையில் தெற்குத் தெரு ஐம்பது பேர், அந்தக் கரையில் வடக்குத் தெரு ஐம்பது பேர். போலீஸ் இரண்டு பேர். அதில் ஒருவர் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்.

சார் மதகு மேலே ஏறினார்.

"அறிக்கையில இருக்கிறது பொய். பிச்சமுத்து அப்படிச் சொல்லவே இல்ல. இந்தப் பையன் அவரப் பாத்ததே இல்ல. நான் சரிபாக்காம கையெழுத்து போட்டேன்."

"அவரு சொல்லலன்னா யாருதான் சொன்னது?" என்றான் சின்னையன். கையில் மண்வெட்டி.

"யாரும் சொல்லல."

"யாரும் சொல்லாம எப்படிய்யா வரும்?"

"ஏஐகிட்ட கேட்டேன்ணே," என்றான் சித்தார்த்தன். குரல் பிசிறியது. "அதுவா எழுதுச்சு. நான்தான் அவரு பேரப் போட்டேன்."

சின்னையன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"யாரும் பேசாத பேச்சுக்கா எங்க சித்தப்பா மண்டைய ஒடைச்சேன்?"

அவன் மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்துக் காம்பால் சார் வாயில் அடித்தான். பல் தண்ணீரில் விழுந்ததைப் பார்த்தேன். இரண்டாவது அடி விலாவில். மூன்றாவதற்குச் சார் மதகிலிருந்து கரைச் சேற்றில் சரிந்தார். கையைத் தூக்கவே இல்லை. பத்து பேர் இறங்கி மிதித்தார்கள். இரண்டு கரையிலிருந்தும் இறங்கினார்கள். சித்தார்த்தன் அவர் மேல் குப்புற விழுந்தான். அவன் முதுகில் விழுந்த மிதி எனக்குக் கேட்டது. நான் இரண்டு பேரைப் பிடித்து வாய்க்காலில் தள்ளினேன், மூன்றாமவன் என்னைத் தள்ளினான். போலீஸ்காரர் பிஸ்கட்டைக் கீழே போட்டுவிட்டு லத்தியோடு வந்தார்.

சின்னையன் களைத்துப் போய்ச் சேற்றிலேயே உட்கார்ந்தான். அவனை யாரும் அடிக்கவில்லை. தானே தலையில் அடித்துக்கொண்டான்.

அந்தக் கரையிலிருந்து வள்ளிக்கண்ணு இறங்கி வந்தார். மகன் கை வெட்டுப்பட்டுக் கிடக்கிற அம்மாள்.

"பிச்சமுத்து சொல்லலன்னா எங்களுக்கு இன்னிக்கு முறை கிடையாது," என்றார். "எழுந்து தெறந்து விடுடா. வாழை காயுதுல்ல."

சின்னையன் அசையவில்லை. அவன் மடியிலிருந்து அந்த அம்மாளே சாவியை உருவி மதகில் மாட்டினார். ஒற்றை ஆளாகத் திருக முடியவில்லை. இந்தக் கரைப் பெண்கள் நாலு பேர் போய்ப் பிடித்தார்கள். தண்ணீர் தெற்குத் தெரு வாய்க்காலில் போனது.

அறிக்கையைக் கல்லூரி திரும்பப் பெற்றுக்கொண்டது. ஜூனில் ஆர்டர் வரவில்லை. சார் இப்போது வேறொரு கல்லூரியில் அதே சனிக்கிழமை வகுப்பை எடுக்கிறார். சட்டத்தை மாற்றிவிட்டார். எழுதிய வரியை அந்த ஆளிடமே எடுத்துப் போய் வாசித்துக் காட்டி, அவர் கையெழுத்தோ ரேகையோ வாங்கி வர வேண்டும். பையன்கள் முனகுகிறார்கள். முனகட்டும். சித்தார்த்தனும் அந்தத் தண்ணீர் வரலாற்றைப் புதிதாக எழுதிக்கொண்டுதான் இருக்கிறான். முதுகு முழுக்க நிமிர்வதில்லை.

அந்த வியாழக்கிழமை மதியமே சாரைப் பெரியாஸ்பத்திரியில்தான் சேர்த்தேன். விலா இரண்டு முறிவு, உதட்டுக்கு உள்ளும் வெளியும் தையல். மறுநாள் சுவரைப் பிடித்துக்கொண்டு பிச்சமுத்துவின் வார்டுக்குப் போனார். நான் தாங்கிக்கொண்டேன். பிச்சமுத்துவுக்கு நினைவு வந்திருந்தது. ஊர் சாவியைக் கொடுத்தனுப்பியிருந்தது. தலையணைப் பக்கத்தில் துணி சுற்றிக் கிடந்தது.

"நான் சொல்லலன்னு நீங்க போய்ச் சொன்னீங்களாம்," என்றார். "இப்ப நம்புறானுங்க. ஊருக்கு வரச் சொல்றானுங்க."

சார் தலையை ஆட்டினார்.

"இருபது வருஷம் சார். ஒரு நாழி தண்ணி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் கூட விட்டதில்ல. ஒரு காகிதத்த வாசிச்சதும் ஒருத்தன்கூட எம்மூஞ்சியப் பாக்கல. நீ சொன்னியாய்யான்னு ஒருத்தன் கேக்கல." துணியோடு சாவியைக் கையால் கட்டிலின் ஓரத்துக்குத் தள்ளினார். "இத வேற எவன்கிட்டயாவது குடுத்துருங்க."

சார் கண்ணில் தண்ணீர் இறங்கிக் கட்டுத்துணியில் ஊறியது. சந்திரம்மாள் எழுந்து சாவியை எடுத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டு, எங்களைப் போகச் சொன்னார்.