எண்ணூற்று எழுபத்தைந்தில் ஒரு பள்ளம்

நான் களிமண்ணை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியவன். திண்டிவனத்துப் பக்கம் ஓர் ஏரியில் மண் தோண்டி, விழுப்புரத்தில் இருந்த எங்கள் கல்லூரி ஆய்வகத்துக்குப் பஸ்ஸில் சுமந்து வருவேன். கண்டக்டர் மூட்டையைக் காலால் தட்டிப் பார்த்து, "ஏன் சார், விழுப்புரத்துல மண்ணே இல்லையா?" என்று கேட்பார்.

அந்த மண்ணில் என்ன தேடினேன் என்று சொல்லிவிடுகிறேன். களிமண் கனிமத்தின் அடுக்குகளில் அலுமினியம் உட்கார்ந்திருக்கும். சில இடங்களில் அதன் நாற்காலியில் இரும்பு வந்து உட்கார்ந்துவிடும். இது கண்ணுக்குத் தெரியாது. மண்ணைப் பொட்டாசியம் புரோமைடு உப்போடு அரைத்து, மாத்திரைபோல அழுத்தி, அதன் வழியே அகச்சிவப்பு ஒளியைச் செலுத்தினால் திரையில் ஒரு கோடு ஓடும். அலுமினியத்துக்கு 915 என்ற எண்ணில் கோடு பள்ளமாக இறங்கும். இரும்பும் கலந்திருந்தால் 875இல் சின்னதாக இன்னொரு பள்ளம் விழும். அதற்காக இரண்டு வருடம் ஏங்கிக் கிடந்தேன்.

ஆய்வகத்தில் உதவியாளராக ஓர் அக்கா இருந்தார். முண்டியம்பாக்கத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். தற்காலிக வேலைதான்; அந்த வருடம் நிரந்தரமாகிவிடும் என்று பேச்சு இருந்தது. மண்ணைக் காயவைப்பதும் சலிப்பதும் அரைக்கும் கல்வத்தைக் கழுவுவதும் அவர் பொறுப்பு. நான் கழுவினால் அவருக்குப் பிடிக்காது. "நீங்க கழுவுனா மீன் கவுச்சிகூடப் போவாது தம்பி, குடுங்க இப்டி" என்று பிடுங்கிக்கொள்வார்.

ஒருநாள் 875இல் பள்ளம் விழுந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. கோட்டின் முழு நீளத்தையும் காட்டாமல், 600 முதல் 1200 வரை வெட்டிப் பெரிதாக்கி அச்செடுத்தேன். அழகாக இருந்தது என்பதைத் தவிர அப்போது வேறு உள்நோக்கம் இல்லை.

துறைக் கருத்தரங்கில் அதைக் காட்டினேன். வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு பேராசிரியர், "1430இல் என்ன இருக்கிறது?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். முழுக் கோட்டையும் திறந்தேன். 1430இல் அண்டா வாய் அகலத்துக்கு ஒரு பள்ளம். அது சுண்ணாம்பினுடையது. சுண்ணாம்பும் 875இல் பள்ளம் போடும். இரும்பு என்று நான் கொண்டாடியது வெறும் சுண்ணாம்பு. மண்ணை முதலில் நீர்த்த அமிலத்தில் ஊறவைத்து அதைப் போக்கியிருக்க வேண்டும். எல்லாப் பாடப் புத்தகத்திலும் இருப்பதுதான். நான் சோம்பல்பட்டு விட்டுவிட்டேன்.

என் கைடு முகம் கறுத்துப்போனது. "சுண்ணாம்பு எங்கேர்ந்துய்யா வந்துது?" என்றார். மண்ணிலேயே இருந்தது என்றால் கழுவாத குற்றம் என்னுடையது. வெளியிலிருந்து ஒட்டியது என்றால் அது வேறு யாரோ செய்தது. ஓவன் ரிப்பேரான வாரத்தில் மண்ணை மொட்டை மாடியில் காயவைத்திருந்தோம். வெயில் தாங்க மாடித் தரைக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். மாடிக்குக் கொண்டுபோகச் சொன்னதே நான்தான். அக்கா துணி விரித்து, அதன்மேல் பிளாஸ்டிக் தாளும் போட்டுப் பரப்பியதை என் கண்ணாலேயே பார்த்தேன். இருந்தும் வாய் கூசாமல் சொன்னேன்.

"லேப் அக்கா மாடியில காயப்போட்டாங்க சார். தரையிலேர்ந்து ஒட்டியிருக்கும்."

அக்காவைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். "துணி விரிச்சுத்தான் சார் போட்டேன்" என்றவர், என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கூடுதல் அவகாசம் கொடுத்தார்கள். அக்காவை மறுமாதம் முதல் வர வேண்டாம் என்றார்கள்.

பிறகு அதே குழியில் புது மண் எடுத்து, ஓவனில் நானே காயவைத்துப் பார்த்தேன். 1430 அப்படியே இருந்தது. மண்ணைக் கரைத்துச் சல்லடையில் ஊற்றினால் பொடிப்பொடியாகச் சுக்காங்கல், மண்ணிலேயே விளைகிற சுண்ணாம்புக் கல். அமிலம் பட்டதும் நுரைத்தது. கழுவி முடித்தபோது 1430 போயிருந்தது, 875உம் கூடவே போயிருந்தது. அக்காவின் மேல் துளித் தவறும் இல்லை என்று மெஷினே எழுதிக் கொடுத்துவிட்டது. அந்தத் தாளோடு கைடு அறை வாசல்வரை போனேன். அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று திரும்பினேன். அந்த நாளை வரவேயில்லை. அடுத்து எடுத்த மண்டகப்பட்டுப் பக்கத்து மண்ணில், அமிலத்தில் கழுவிய பிறகும் 875 நின்றது. அதை வைத்துப் பட்டம் வாங்கிவிட்டேன். ஆய்வேட்டில் "மாதிரிகளிலிருந்து சுண்ணாம்பு நீக்கப்பட்டது" என்று ஒரு வரி இருக்கிறது. அக்காவைப் பற்றி ஒரு சொல் கிடையாது. இன்றைக்கும் அந்தப் பக்கத்தைத் திறக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

போன மாதம் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். இளைத்திருந்தார். ஒரு தனியார் கிளினிக்கில் கூட்டிப் பெருக்கும் வேலையாம்.

"பட்டம் வந்துடுச்சா தம்பி?"

"வந்துடுச்சுக்கா. இங்கதான் காலேஜ்ல வேலை பாக்குறேன்."

அவர் முகம் மலர்ந்தது. "அப்பாடா. எனக்கு அதான் மனசுல ஓடிக்கினே இருந்துச்சு. துணி விரிச்சுத்தான் போட்டேன், ஆனா காத்துல பறந்து வுழுந்திருக்கும். நாந்தான் மூடி வெச்சிருக்கணும். என்னால உங்க படிப்பு கெட்டுப்போச்சோன்னு ரொம்ப நாள் ஒரே பேஜாராப் போச்சு. மனசுல வெச்சிக்காதீங்க தம்பி."

சொல்லியிருக்கலாம். இரண்டே வாக்கியம்தான். விழுப்புரம் பஸ் கிளம்ப ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அக்கா ஒரு காலைப் படியில் வைத்தபடி என் பதிலுக்காக நின்றார்.

"பரவாயில்லக்கா, நான் அதெல்லாம் அப்பவே மறந்துட்டேன்" என்றேன்.

அவர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஏறிப் போனார்.